தொலைநோக்கியைத் தொடாமல் வானியல் படிப்பதா?

கேள்வி: இளநிலை இயற்பியல் கடைசி வருடம் படிக்கிறேன். சின்ன வயதிலிருந்தே வானம் என்றால் எனக்கு உயிர். விடுமுறையில் பல்கலைக்கழக வானியல் துறையில் இரண்டு மாதம் ப்ராஜெக்ட் செய்தேன். விண்மீன்களின் ஒளி குறைவதை வைத்து அவற்றைச் சுற்றும் கோள்களைத் தேடும் டெஸ் செயற்கைக்கோள் அனுப்பிய ஒரே ஒரு விண்மீனின் டேட்டாவைக் கணினியில் சுத்தம் செய்ததோடு சரி. ஒருநாள்கூட தொலைநோக்கியைத் தொடவில்லை. முதுகலையில் வானியல் எடுக்கலாமா?

பதில்: நீங்கள் அந்த இரண்டு மாதம் செய்ததுதான் வானியல். அங்கே போனால் வேறு மாதிரி இருக்கும் என்று நம்பிச் சேர்ந்துவிடாதீர்கள். பெரிய தொலைநோக்கிகளில் இப்போது யாரும் கண்ணை வைத்துப் பார்ப்பதில்லை. எதை, எதற்காகப் பார்க்க வேண்டும் என்று விண்ணப்பம் எழுத வேண்டும், கடும் போட்டியில் நேரம் கிடைத்தால் டேட்டா உங்கள் கணினிக்கு வந்து சேரும், அப்புறம் பல மாதங்கள் மேசைதான்.

ஆனால் 'சுத்தம் செய்ததோடு சரி' என்கிறீர்களே, அதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சூரியனைப் போன்ற விண்மீனுக்குக் குறுக்கே வியாழன் அளவுள்ள கோள் போனால் ஒளி சுமார் 1 சதவீதம் குறையும், பூமி அளவு என்றால் 0.01 சதவீதம்கூட இல்லை. செயற்கைக்கோள் தன் திசையை நிலைநிறுத்தும் சுழல் சக்கரங்களின் வேகத்தைத் தணிக்கும் நேரத்திலும் ஒளி வரைபடத்தில் அதைப் போன்ற குழி விழும், பூமியின் ஒளி கேமராவுக்குள் சிதறி வந்தாலும் விழும், பக்கத்தில் ஒன்றையொன்று மறைக்கும் இரட்டை விண்மீன் இருந்து அதன் ஒளி ஒரே பிக்சலில் கலந்தாலும் விழும். இதில் எது வானம், எது கருவி என்று பிரிப்பதற்குத்தான் சுத்தம் செய்வது என்று பெயர். ஆராய்ச்சியின் பாதி அங்கேதான் நடக்கிறது.

1967-ல் கேம்பிரிட்ஜில் ஜோஸ்லின் பெல் ஆராய்ச்சி மாணவி. ரேடியோ தொலைநோக்கி தினமும் மீட்டர் கணக்கில் காகிதச் சுருள் தள்ளும், அதைக் கண்ணாலேயே படித்துக்கொண்டு வருவார். அதில் ஒரு சின்னக் கிறுக்கல், அவர் தேடிய வான்பொருள்களின் சைகை போலவும் இல்லை, மனிதர்கள் உண்டாக்கும் இடையூறு போலவும் இல்லை. அதைத் தள்ளிவிட்டுப் போயிருந்தால் யாரும் ஏன் என்று கேட்டிருக்கப்போவதில்லை. அவர் விடவில்லை, வானத்தின் அதே இடத்திலிருந்து அது திரும்பத் திரும்ப வருவதைக் கவனித்தார். காகிதத்தை வேகமாக ஓடவிட்டுப் பதிந்தபோது 1.3 விநாடிக்கு ஒருமுறை துடிப்பு! பல்சர் என்ற, வேகமாகச் சுழன்று சீராகத் துடிக்கும் விண்மீன் கண்டுபிடிக்கப்பட்டது அப்படித்தான்.

சரி, உங்களுக்கு வருவோம். விளங்காத ஒரு குழியைப் பார்த்துவிட்டு, யாரும் சொல்லாமலே ராத்திரி உட்கார்ந்து குடைந்தீர்களா? ஒருமுறை அப்படி நடந்திருந்தாலும் தயங்காமல் சேருங்கள். கடைசி நாள்வரை எப்போது முடியும் என்றே இருந்தது என்றால் வேண்டாம். அதனால் வானத்தின் மேல் உங்களுக்குள்ள பிரியம் குறைந்தது என்று ஆகாது. ஒளி கூடிக் குறையும் விண்மீன்களை ஆர்வலர்கள் வீட்டிலிருந்தே கவனித்து அனுப்பும் பதிவுகளை ஏஏவிஎஸ்ஓ என்ற அமைப்பு 1911-லிருந்து சேர்த்து வருகிறது, ஆய்வாளர்கள் அவற்றை இன்றும் பயன்படுத்துகிறார்கள். அதற்கு வேறு வேலையில் இருந்துகொண்டே கண்ணை வைத்துப் பார்க்கலாம்.

சேருவதாக இருந்தால் புள்ளியியலை இப்போதே பிடித்துக்கொள்ளுங்கள், இயற்பியல் மாணவர்கள் அலட்சியமாக விடுவது அதைத்தான். பைத்தான் நிரல்மொழியும் அதில் வானியல் கணக்குகளுக்கென்றே உள்ள ஆஸ்ட்ரோபை தொகுப்பும் இலவசம். விண்மீன்களின் இடத்தையும் தூரத்தையும் அளந்த கையா விண்கலத்தின் 2022 வெளியீட்டில் சுமார் 180 கோடி ஒளிமூலங்களின் டேட்டா இருக்கிறது, யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். கார்த்திகைக் கூட்டத்து விண்மீன்களை மட்டும் பிரித்தெடுத்து நிறத்துக்கும் ஒளிர்வுக்கும் ஒரு வரைபடம் போட்டுப் பாருங்கள்.

பிஎச்.டி. வரை போகும் எண்ணம் இருந்தால் ஒன்று தெரிந்திருக்கட்டும், பட்டம் வாங்குகிறவர்கள் அளவுக்கு நிரந்தர ஆராய்ச்சி வேலைகள் கிடையாது. அதனால் தலைப்பைவிட கைடு முக்கியம். அவரிடம் இப்போது படிக்கும் மாணவர்களைத் தனியாகப் பிடித்துக் கேளுங்கள்: எழுதிக் கொடுத்ததை எத்தனை நாளில் படித்துத் தருகிறார், கட்டுரையில் மாணவர் பெயர் முதலில் வருகிறதா, முன்பு படித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள். பதில் சொல்ல அவர்கள் தயங்கினால் வேறு கைடைத் தேடுங்கள்.