ஒரே தடவை ஒபரேஷனா, இரண்டு தடவையா?

கேள்வி: ஹட்டன் பக்கத் தோட்டத்தில் இருக்கிறோம். ஒன்பது மாத மகனுக்குச் சிறுநீர்த் துவாரம் நுனியில் இல்லாமல் அடிப்பக்கம் இருக்கிறது. ஒரு வைத்தியர் ஒரே ஒபரேஷன் என்கிறார், இன்னொருவர் இரண்டு என்கிறார். எது நல்லது?

இதற்குப் பெயர் ஹைப்போஸ்பேடியாஸ். துவாரம் எங்கே, உறுப்பு எவ்வளவு வளைந்திருக்கிறது என்பதைப் பொறுத்தே முடிவு. நுனிக்குக் கிட்ட இருந்து வளைவும் குறைவென்றால் ஒரு தடவை போதும். பெரும்பாலும் ஸ்னொட்கிராஸ் என்ற சத்திரசிகிச்சை வைத்தியர் 1994இல் வெளியிட்ட முறைதான்: துவாரத்திலிருந்து நுனிவரை உள்ள திசுப் பட்டையை நடுவில் கீறி அகலமாக்கி, குழாயாகச் சுருட்டித் தைப்பார்கள்.

விதைப்பைக்குக் கிட்ட இருந்து, வளைவும் கடுமையென்றால் நான் இரண்டு தடவைக்கே சம்மதிப்பேன். முதலில் வளைவை நிமிர்த்தி, முன்தோலையோ கன்னத்தின் உட்சவ்வையோ எடுத்து ஒட்டுவார்கள். பிறகு ஆறு மாதமளவில் அது மிருதுவானதும் குழாயாக்குவார்கள். பேராதனை சிறுவர் வைத்தியசாலைக்கு இரண்டு தரம் அலைச்சல், நாட்சம்பளமும் போகும், சரிதான். ஆனால் எந்த முறையிலும் தையல் வழியே ஓட்டை விழுந்து கசியலாம். கடுமையான வளைவை அவசரமாக முடித்தால் அந்த ஆபத்து கூடும்.

அதுவரை சுன்னத்து மட்டும் செய்துவிடாதீர்கள், அந்த முன்தோல் தேவைப்படும்.

அப்புறம், டயப்பர் கூடுதலாக வாங்கி வையுங்கள். அக்கா மகனுக்கு உள் டயப்பரில் ஓட்டை வெட்டி, ஒபரேஷனில் சிறுநீர் வடிய வைத்த மெல்லிய குழாயை அதன்வழி எடுத்து வெளி டயப்பருக்குள் சொட்ட விட்டோம். ஒரு கிழமை அப்படித்தான். கினிகத்தேனை வளைவுகளில் பஸ் திரும்பும்போதெல்லாம் அக்காவின் கை அந்தக் குழாய்மேல்தான் இருந்தது.