ஐந்து பதினாறு எண்பது

கேள்வி: இறுதியாண்டு புராஜெக்டுக்காகச் சொந்தமாக ஒரு பிட்டொரண்ட் கிளையண்ட் (ஒரு கோப்பைப் பல கணினிகளிலிருந்து துண்டு துண்டாக இறக்கும் மென்பொருள்) எழுதுகிறேன். லினக்ஸ் ஐஎஸ்ஓ ஒன்றை இறக்கிச் சோதித்தால், வெளிநாட்டு பியர் (கோப்பைத் தரும் எதிர்முனைக் கணினி) எதனிடமிருந்தும் நொடிக்கு 80 கேபிக்கு மேல் வரவில்லை. சரி என்று ஒரே கோரிக்கையில் 64 கேபி கேட்டேன். பல பியர்கள் இணைப்பையே துண்டித்துவிட்டன. இதில் பிட்டொரண்டின் இரண்டாம் பதிப்பான வி2 வேறு வந்துவிட்டதாம். எல்லாவற்றையும் திருப்பி எழுத வேண்டுமா?
– ஒரு மாணவி, கோயம்புத்தூர்

பதில்: 80 என்று நீங்கள் எழுதியதிலேயே நோய் பிடிபட்டுவிட்டது. ஒரு கோரிக்கையில் கேட்கும் பங்கான பிளாக் 16 கேபி. கடல் தாண்டிய பியரிடம் கேள்வி போய்ப் பதில் வர 200 மில்லிசெகண்ட் என்று வையுங்கள். ஒன்று வந்து சேர்ந்த பிறகே அடுத்ததைக் கேட்டால் நொடிக்கு ஐந்து பிளாக், அதாவது 80 கேபிதான் கிடைக்கும். ஒரு இட்லியைத் தின்று முடித்த பிறகு சப்ளையரைத் தேடுகிற கதை. பிட்டொரண்டை உருவாக்கிய பிராம் கோஹன் 2003-இல் எழுதிய கட்டுரையிலேயே, வழக்கமாக ஐந்து கோரிக்கைகளை நிலுவையில் வைத்திருக்கச் சொல்லியிருக்கிறார். அது அன்றைய இணைப்புகளுக்கு. இன்று அதே 200 மில்லிசெகண்டில் நொடிக்கு 10 எம்பி வேண்டுமென்றால், 128 கோரிக்கைகளாவது எப்போதும் வழியில் இருக்க வேண்டும்.

அதற்காக எடுத்த எடுப்பில் ஆயிரம் அனுப்பிவிடாதீர்கள். எதிர்முனை எத்தனை தாங்கும் என்பதை கூடுதல் வசதிகளைப் பரிமாறிக்கொள்ளும் நீட்டிப்பு ஹேண்ட்ஷேக்கில் ஆர்-ஈ-க்யூ-க்யூ (reqq) என்ற சாவியில் சொல்லும். இந்த நீட்டிப்பை விவரிக்கும் பெப் 10 ஆவணம், பிட்டொரண்ட் நூலகமான லிப்டொரண்டின் இயல்பு எண்ணாகக் குறிப்பிடுவது 250. அதைத் தாண்டினால் மிச்சத்தை எதிர்முனை சத்தமில்லாமல் கைவிடலாம். நீங்கள் டைம்அவுட் வரை காத்துக்கிடப்பீர்கள். லிப்டொரண்டின் வழி எனக்குப் பிடித்தது: இப்போது வரும் வேகத்தில் மூன்று நொடிக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு கேட்பது. 160 கேபி வேகமென்றால் 30 கோரிக்கை. வேகம் ஏறினால் எண்ணிக்கையும் தானே ஏறும்.

அப்புறம், ‘இப்போதைக்குத் தரமாட்டேன்’ என்று பியர் சொல்லும் சோக் செய்தி வந்தால் நிலுவையில் இருந்ததெல்லாம் போச்சு என்று எடுத்துக்கொண்டு, அந்த பிளாக்குகளைக் கேட்க வேண்டியவை பட்டியலில் திரும்பச் சேருங்கள். மாணவர் புராஜெக்டுகள் 99 சதவீதத்தில் வந்து நின்றுவிடுவது பெரும்பாலும் இங்கேதான் என்பது என் சந்தேகம். இரு பக்கமும் ஃபாஸ்ட் நீட்டிப்பு இருந்தால் இந்தக் குழப்பமில்லை. தர முடியாத ஒவ்வொன்றுக்கும் மறுப்புச் செய்தி தனியாக வரும்.

64 கேபி ஆசையை விட்டுவிடுங்கள். 16 கேபிக்கு மேல் கேட்டால் இணைப்பைத் துண்டிப்பார்கள் என்று மூல விவரக்குறிப்பிலேயே இருக்கிறது.

வி2 வந்தும் அந்த 16 மாறவில்லை; இன்னும் கெட்டியாகிவிட்டது என்றே சொல்வேன். வந்த தரவு சரிதானா என்று சோதிக்கும் ஹாஷ் முறையாக, ஷா-1க்குப் பதிலாக ஷா-256 வந்தது. ஹாஷ்களை அடுக்கிய மரத்தின் ஒவ்வொரு இலையும் 16 கேபிக்கானது; கோப்பின் கடைசி இலை மட்டும் குறைவாக இருக்கலாம். கெட்ட பிளாக் எது என்று தனியாகப் பிடித்துவிடலாம், பல பிளாக்குகள் சேர்ந்த முழுத் துண்டையும் மறுபடி இறக்க வேண்டியதில்லை. இரு பதிப்புக்கும் பொருந்தும் ஹைபிரிட் டொரண்டுகள் பழைய கிளையண்டுகளிலும் ஓடும் என்பதால், உங்கள் புராஜெக்டுக்கு வி1 போதும்.

ஒன்றை மட்டும் இன்றே பாருங்கள். இணைந்ததும் முதலில் பரிமாறும் ஹேண்ட்ஷேக் செய்தியில் 8 பைட்டை ஆரம்பத்திலேயே காலியாக ஒதுக்கியிருந்தார்கள். பெப் 10, ஃபாஸ்ட், வி2 மூன்றும் அதில் ஆளுக்கொரு பிட்டைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே வந்தன. உங்கள் புரோகிராம் அந்த எட்டும் பூஜ்யமா என்று சோதித்து, இல்லையென்றால் இணைப்பை மறுக்கிறதா? அந்த வரியை எடுத்துவிடுங்கள். தெரியாத பிட்டைக் கண்டுகொள்ளாமல் விட்டால் போதும்.