ஆட்டிசம் உள்ள சிறுவனுக்கு எவ்வளவு உடற்பயிற்சி போதுமானது?

கேள்வி: எங்கள் மகனுக்கு ஒன்பது வயது. மூன்று வயதில் ஆட்டிசம் என்று கண்டறிந்தார்கள். ஓரிரு சொற்கள்தான் பேசுவான். உயரம் 130 செ.மீ., எடை 38 கிலோ. எரிச்சலையும் ஆவேசத்தையும் தணிக்க ஓராண்டாக ரிஸ்பெரிடோன் மருந்து கொடுத்துவருகிறோம். தினமும் ஒரு மணி நேரம் ஓடவிட்டால் எடை குறையும், கைகளை உதறுவது நின்றுவிடும், இரவில் நன்றாகத் தூங்குவான் என்று உறவினர் ஒருவர் சொன்னதால் மைதானத்துக்கு அழைத்துச் செல்கிறோம். பத்தே நிமிடத்தில் காதுகளைப் பொத்திக்கொண்டு தரையில் படுத்துவிடுகிறான். வற்புறுத்தினால் தன் கையையே கடித்துக்கொள்கிறான். அவனுக்கு எவ்வளவு பயிற்சிதான் சரியாக இருக்கும்? – வாசகி, திருச்சி.

பதில்: உங்கள் உறவினர் சொன்ன ஒரு மணி நேரம் என்ற கணக்குக்கு அடிப்படை உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், 5 முதல் 17 வயது வரையுள்ளவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிட உடலுழைப்பும், வாரத்தில் குறைந்தது மூன்று நாட்கள் தசைகளையும் எலும்புகளையும் வலுவாக்கும் பயிற்சியும் தேவை என்கிறது. மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கும் இதே அளவையே பரிந்துரைக்கிறது. ஆனால் சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்ட வேண்டும் என்பதையும், கொஞ்சம் செய்வதுகூட ஒன்றும் செய்யாமலிருப்பதைவிட மேல் என்பதையும் அதே வழிகாட்டுதல் சேர்த்தே சொல்கிறது. எனவே 60 நிமிடம் என்பதை உங்கள் மகன் பல மாதங்களில் எட்ட வேண்டிய இலக்காக வைத்துக்கொள்ளுங்கள். முதல் வாரத்திலேயே அதை அவன்மீது சுமத்த வேண்டாம்.

முதலில், பத்தாவது நிமிடத்தில் அவன் ஏன் படுத்துவிடுகிறான் என்று பார்க்க வேண்டும். அதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொள்வது நம் வழக்கம். பெரும்பாலும் அது சரியாக இருப்பதில்லை. காதைப் பொத்துகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். மைதானத்தின் விசில் சத்தமும் மற்ற பிள்ளைகளின் கூச்சலுமே அவனுக்குத் தாங்க முடியாததாக இருக்கலாம். அடுத்து, அவன் குதிகாலைத் தரையில் ஊன்றாமல் நுனிக்காலில் நடக்கும் பழக்கம் உள்ளவனா என்று கவனியுங்கள். ஆட்டிசம் உள்ள குழந்தைகள் பலரிடம் இந்தப் பழக்கமும், தசைத் தளர்ச்சியும், உடல் அசைவுகளை ஒருங்கிணைப்பதில் சிரமமும் காணப்படுகின்றன. கெண்டைக்கால் தசை இறுகிப்போன குழந்தைக்குப் பத்து நிமிட ஓட்டமே வலியைத் தரும், அந்த வலியைச் சொல்ல அவனிடம் சொற்களும் இல்லை. தாகம், களைப்பு, உடற்சூடு ஆகியவற்றைத் தாமாக உணர்வதும் இவர்களில் சிலருக்குக் கடினம் என்பதால், அவன் கேட்காவிட்டாலும் பயிற்சிக்கு முன்பும் நடுவிலும் பின்பும் தண்ணீர் கொடுங்கள். திருச்சி வெயிலில் காலைப் பயிற்சியை எட்டு மணிக்குள் முடித்துக்கொள்வது நல்லது.

இனி அளவுக்கு வருகிறேன். அவன் பத்து நிமிடத்தில் உடைந்துபோகிறான் என்றால், ஆறாவது நிமிடத்திலேயே நிறுத்திவிடுங்கள். தாங்கும் எல்லைக்குச் சற்று முன்பே, அவன் இன்னும் மகிழ்ச்சியாக இருக்கும்போதே முடிப்பதுதான் மறுநாள் அவனை மீண்டும் வரவைக்கும். இப்படி ஆறு நிமிடங்களாகக் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று இரண்டு வாரம் செய்யுங்கள். தொந்தரவில்லாமல் போனால் ஒவ்வொரு வேளையிலும் இரண்டு நிமிடம் கூட்டுங்கள். ஒரே வாரத்தில் நேரம், வேகம், இடம் ஆகிய மூன்றையும் மாற்றாதீர்கள்; மாற்றினால், எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்க முடியாமல் போகும்.

எப்போது முடியும் என்று தெரியாததும் இந்தக் குழந்தைகளுக்குப் பெரிய தவிப்பு. ‘இன்னும் கொஞ்ச நேரம்’ என்பது அவனுக்கு எதையும் உணர்த்தாது. கொடிக்கயிற்றில் துணி மாட்டும் கிளிப்புகள் ஐந்தை வரிசையாகக் குத்திவையுங்கள். மொட்டைமாடியை ஒருமுறை சுற்றி வந்ததும் ஒரு கிளிப்பை அவனே கழற்றி டப்பாவில் போடட்டும். கடைசிக் கிளிப் டப்பாவில் விழுந்ததும் பயிற்சி முடிந்தது. அவன் உற்சாகமாக இருக்கிறானே என்று ஆறாவது கிளிப்பைக் குத்திவிடாதீர்கள், நம்பிக்கை போய்விடும். அடுத்த வாரம் வேண்டுமானால் தொடக்கத்திலேயே ஆறு கிளிப் வையுங்கள்.

பயிற்சியின் தீவிரத்தைக் கணிக்க, செய்யும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது என்றொரு எளிய சோதனையைச் சொல்வோம். பேசாத குழந்தைக்கு அது உதவாது. மூச்சு சற்று வேகமாகி, நெற்றியில் வியர்வை அரும்பி, நின்ற சில நிமிடங்களில் மூச்சு இயல்புக்குத் திரும்பினால் அது மிதமான அளவு. அதைவிட முக்கியமாக நான் பார்க்கச் சொல்வது, பயிற்சி முடிந்த பிறகு வரும் நேரத்தை. அரை மணி நேரம் கழித்து அவன் அமைதியாக இருந்து, பசித்துச் சாப்பிட்டு, வழக்கம்போலத் தூங்கி, மறுநாள் செருப்பை எடுத்ததும் கூடவே கிளம்பினால் அளவு சரி. எரிச்சல் கூடினாலோ, கையைக் கடித்தாலோ, செருப்பைப் பார்த்ததும் ஒளிந்துகொண்டாலோ அளவு அதிகம். முந்தைய நிலைக்குத் திரும்புங்கள். இதை ஒரு நோட்டில் நாளுக்கு ஒரு வரியாகக் குறித்துவாருங்கள். எந்த அட்டவணையையும்விட அந்த நோட்டுதான் அவனுக்கான அளவைச் சரியாகச் சொல்லும்.

ஓட்டம்தான் வேண்டும் என்பதில்லை. படி ஏறுவது, ஊஞ்சலை உந்துவது, அரை வாளித் தண்ணீரைத் தூக்கிச் சென்று செடிக்கு ஊற்றுவது, அப்பாவுடன் பந்தை உருட்டுவது எல்லாம் கணக்கில் சேரும். எடை தூக்கும், தள்ளும், இழுக்கும் வேலைகள் பல குழந்தைகளை நிதானப்படுத்துவதை, அன்றாடச் செயல்களுக்குப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகள் தினமும் பார்க்கிறார்கள். நீச்சலும் நல்ல பயிற்சிதான். ஆனால் ஆட்டிசம் உள்ள குழந்தைகள் தண்ணீரால் ஈர்க்கப்பட்டுத் தனியே சென்று மூழ்கும் ஆபத்து மற்றவர்களைவிட அதிகம் என்பதால், கைக்கெட்டும் தூரத்தில் பெரியவர் ஒருவர் எப்போதும் இருக்க வேண்டும்.

கைகளை உதறுவது பயிற்சிக்குப் பின் சிறிது நேரம் குறையக்கூடும், பிறகு திரும்பவும் வரும். அது அவன் தன்னை அமைதிப்படுத்திக்கொள்ளும் வழியும்கூட. யாருக்கும் கெடுதி செய்யாத அந்தப் பழக்கத்தை நிறுத்துவதற்காக அவனைக் களைப்படைய வைப்பதை நான் ஏற்கமாட்டேன். தூக்கம் மேம்பட வாய்ப்புண்டு; ஆனால் படுக்கப்போகும் நேரத்தை ஒட்டிய ஓட்டமும் குதியாட்டமும் சில குழந்தைகளை மேலும் விழிக்கவைக்கும் என்பதால், மாலைப் பயிற்சியை ஆறரை மணிக்குள் முடித்துவிடுங்கள்.

எடையைப் பொறுத்தவரை, பயிற்சியை மட்டும் நம்பிப் பயனில்லை. அவன் உயரத்துக்கு 38 கிலோ அதிகம். ரிஸ்பெரிடோன் பசியைத் தூண்டி எடையைக் கூட்டும் மருந்து. அதற்காக நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள், எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் எடை விவரத்தைச் சொல்லுங்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரையையும் கொழுப்பு அளவையும் பார்க்கச் சொல்வார், அளவை மாற்றலாமா என்பதையும் அவரே முடிவு செய்வார். வலிப்புக்காக டோபிராமேட் போன்ற மருந்தும் கொடுத்துவந்தால் கட்டாயம் தெரிவியுங்கள்; அது வியர்வையைக் குறைப்பதால், வெயிலில் உடல் சூடு ஆபத்தான அளவுக்கு ஏறக்கூடும்.

ஓடும்போது மயங்கி விழுதல், உதடு நீலமாதல், நெஞ்சைப் பிடித்துக்கொள்ளுதல், வெறித்த பார்வையுடன் சில நொடிகள் உறைந்து நிற்றல் ஆகியவற்றில் எது தென்பட்டாலும் பயிற்சியை நிறுத்தி, அன்றே மருத்துவரைப் பாருங்கள். நன்றாக நடந்துகொண்டிருந்தவன் திடீரென ஒரு காலை ஊன்ற மறுத்தாலும் அப்படியே செய்யுங்கள். பேச்சு வராத குழந்தையிடம் அந்த மறுப்பு, எலும்பு முறிவின் முதல் அறிகுறியாகவும் இருக்கலாம்.