மிஞ்சும் உணவைப் பகிர்வதால் சிங்கப்பூரில் உண்மையில் என்ன மாறுகிறது?

பசி ஆறுகிறது, சரி. அதோடு கையில் கொஞ்சம் பணமும் மிஞ்சுகிறது. காய்கறியும் ரொட்டியும் இலவசமாகக் கிடைத்தால், மருந்து வாங்குவதைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. தனியாக வாழும் முதியவருக்கு, பையோடு வரும் தொண்டூழியர்தான் சில நாள்களில் பேசக் கிடைக்கும் ஒரே ஆள். எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது.

2023-இல் இங்கே சேர்ந்த உணவுக் கழிவு சுமார் 755,000 டன். பாசிர் பாஞ்சாங் மொத்தவிற்பனை நிலையத்தில் ஒதுக்கப்படும் நல்ல காய்களைத் தொண்டூழியர்கள் மீட்டெடுக்கிறார்கள். மிஞ்சிய உணவைக் கொடுத்து யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால் வழக்கு வருமோ என்ற தயக்கமும் கொடுப்போருக்கு இருந்தது. பாதுகாப்பு, சுகாதார நிபந்தனைகளைப் பின்பற்றிக் கொடுப்போரைக் காக்கும் சட்டம் 2024 ஆகஸ்டில் நிறைவேறியது.

அப்புறம், வாங்குபவரின் கூச்சம். கோயில் அன்னதானப் பந்தியில் யாரும் வருமானச் சான்று கேட்பதில்லை. அடுக்குமாடி புளோக்கின் கீழே, அக்கம்பக்கத்தார் உணவை எடுத்துக்கொள்ள வைக்கும் சமூகக் குளிர்பெட்டியும் அப்படித்தான் இருக்க வேண்டும்.