படபடக்கும் சிறகு: ஓவியக் கேள்வி-பதில்

என் பதற்றத்தைச் சொல்ல, தன்னுருவ ஓவியத்தில் முகத்தைச் சுற்றிலும் விட்டில்களை வரைந்தேன். பார்த்தவர்கள் ‘பேய்ப்படமா?’ என்கிறார்கள். நீர்வண்ணத்தில் சிறகுகளும் சேறாகிவிடுகின்றன. எங்கே தவறுகிறேன்?
– வாசகி, தெம்பனிஸ்

எண்ணிக்கையில்தான். மொய்க்கும் பூச்சிகள் பார்ப்பவருக்கு அருவருப்பைத் தரும். உங்கள் பயத்தைச் சொல்லாது. ஒன்றே போதும். நெஞ்சு ‘படபட’வென அடிக்கிறது என்கிறோம், சிறகடிப்புக்கும் அதே சொல்தான். ஆகவே கழுத்துக்குழிக்குச் சற்றுக் கீழே, இயல்பளவில் வையுங்கள். முகம் அமைதியாகவே இருக்கட்டும்.

விட்டிலைவிட ஈசல் பொருத்தம் என்பேன். மழை ஓய்ந்த மாலையில் சிங்கப்பூர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் தாழ்வார விளக்குகளைச் சுற்றுமே, அதேதான். அதன் சிறகடியில் இயல்பாகவே ஒரு முறிவுக்கோடு உண்டு. தரையிறங்கியதும் அந்த இடத்தில் உதிர்ந்துவிடும். உதிர்வதற்கென்றே முளைத்த சிறகு! மறுநாள் காலையில் தரையில் கிடப்பவற்றைப் பொறுக்கி மாதிரியாக வைத்துக்கொள்ளுங்கள். நான்கும் ஏறத்தாழ ஒரே நீளம், உடலையும் தாண்டி நீளும். சிறகுகளும் ஆறு கால்களும் மார்புப் பகுதியிலிருந்தே கிளம்ப வேண்டும். வயிற்றிலிருந்து கால் வரைந்தால் பொம்மையாகிவிடும்.

சேறாவது ஈரத்தால். நம்மூர் ஈரக் காற்றில் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள) தடித்த தாள் மேலே காய்ந்ததுபோல் தெரிந்தாலும் உள்ளே ஈரம் நிற்கும். புறங்கையைத் தாள்மீது வையுங்கள். சில்லென்றிருந்தால் இன்னும் காயவில்லை. அந்த நிலையில் தூரிகை பட்டால் அடியிலுள்ள தோல் நிறம் கிளம்பிச் சிறகோடு கலந்துவிடும். வெள்ளை வண்ணமும் வேண்டாம், அது கண்ணாடிச் சிறகைக் காகிதச் சிறகாக்கிவிடும். தோல் நிறமே ஊடாகத் தெரியட்டும். நன்றாக நீர்த்த பர்ன்ட் அம்பர் (கரும்பழுப்பு) வண்ணத்தில் ஒரே ஒரு பூச்சு. அது காய்ந்தபின் 0 எண் தூரிகையால் சிறகின் முன்விளிம்பை மட்டும் அழுத்திக் காட்டுங்கள். அங்கேதான் சிறகு தடிப்பானது.

நிழலில் கூடுதல் கவனம் வேண்டும். கால்நுனியை நிழல் தொட்டால் பூச்சி உட்கார்ந்துவிட்டது. 2 மில்லிமீட்டர் விலகினால் பறக்கிறது. ஒரு கால் மட்டும் தொடட்டும். இருக்குமா, போகுமா என்ற தவிப்பு அதில் வந்துவிடும்.

மாதிரிக்காக இயற்கை வனப்பகுதிகளில் பூச்சி பிடிக்கலாமா?
– வாசகர், ஈசூன்

அனுமதியின்றிக் கூடாது, படம் எடுத்துக்கொள்ளுங்கள். கால் மடிப்பையும் உணர்கொம்பையும் நிதானமாகக் கவனிக்க, லீ கோங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்தில் பதப்படுத்திய பூச்சிகள் இருக்கின்றன.