தச்சரின் மகளுக்கு

மதிப்பிற்குரிய ஐயா,

சுங்கை சிப்புட் அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். என் அப்பா அந்தத் தோட்டத்துத் தச்சர். சென்ற ஆண்டு காலமானார். அடுத்த மாதம் முதலாம் ஆண்டுத் திதி வருகிறது. நாளிதழில் நினைவஞ்சலி போட அண்ணன் ஏற்பாடு செய்கிறார். வாசகத்தை என்னை எழுதச் சொன்னார். உட்கார்ந்தால் 'அன்பின் சிகரமே, பாசத்தின் உறைவிடமே' என்பதற்கு மேல் பேனா நகரவில்லை.

அப்பா எந்தச் சங்கத்திலும் பதவி வகித்ததில்லை. தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளுக்குக் கதவு, சன்னல் செய்தார். தமிழ்ப்பள்ளியின் கால் உடைந்த மேசைகளைச் செப்பனிட்டார். வேலை முடிந்தால் வீடு. எங்களைப் படிக்கவைத்தார். தோட்டத்தில் சாவு விழுந்தால் இரவோடு இரவாகப் பெட்டி செய்து கொடுப்பார், அதற்கு மட்டும் கூலி வாங்கமாட்டார். துக்க வீட்டுக்குள் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு போகவும் மாட்டார். ஓய்வுபெற்றதும் லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டுப் பட்டணத்தில் சிறு வீட்டுக்கு வந்தோம். அவர் செய்த மெராந்தி மர அலமாரி இன்னும் இருக்கிறது. எந்த மழைக்கும் அதன் இழுப்பறை சிக்கியதில்லை. இவ்வளவுதான் அவர் வாழ்க்கை. இதில் எழுத என்ன இருக்கிறது?

இப்படிக்கு,
வாசகி, பேராக்

*

அன்புள்ள சகோதரி,

எழுத வேண்டியவற்றில் பாதியை எழுதிவிட்டுத்தான் 'என்ன இருக்கிறது' என்று கேட்கிறீர்கள். அந்த இழுப்பறையிலிருந்து தொடங்குங்கள்.

மரம் அறுபட்ட பிறகும் ஈரத்தை வாங்கிக்கொண்டும் விட்டுக்கொண்டும் இருக்கிறது. நம் மலேசியாவில் காற்றில் எப்போதும் ஈரம். அடைமழைக் காலத்தில் பலகை அகலவாக்கில் ஊதும், வெயில் காலத்தில் சுருங்கும். நீளவாக்கில் மாற்றம் மிகக் குறைவு. வெயில் நாளில் இழுப்பறையை இறுக்கமாகப் பொருத்திவிட்டால் மழை தொடங்கியதும் அது திறக்காது. பயந்துபோய் இடைவெளியை அதிகம் விட்டால் வெயிலில் கடகடவென்று ஆடும். எவ்வளவு விடுவது என்பதைப் பலகையின் ரேகை ஓட்டத்தையும் அது காய்ந்த பதத்தையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அந்த அளவு மூலைமட்டத்தில் இல்லை. உங்கள் அப்பா பச்சைப் பலகையில் அந்த அலமாரியைச் செய்திருக்க முடியாது. வாங்கிய பலகைகளை நடுவே குச்சிகள் வைத்து அடுக்கி, காற்றோட்டம் விட்டு, மாதக்கணக்கில் காத்திருந்திருப்பார். லயத்து வீட்டில் அந்த அடுக்கு எங்கே இருந்தது? குழந்தைகளான நீங்கள் அதன்மேல் ஏறி விளையாடித் திட்டு வாங்கினீர்களா? அதை எழுதுங்கள்.

'நல்ல தகப்பன்' என்று ஒரு பத்தியும் 'நல்ல தொழிலாளி' என்று ஒரு பத்தியும் தனித்தனியே எழுத வேண்டாம் என்பதுதான் என் வேண்டுகோள். பலகை காயப் பொறுத்திருந்த மனம்தானே பிள்ளைகள் படித்து ஆளாகவும் பொறுத்திருந்தது? வாயால் பாசம் பேசும் வழக்கம் நம் தோட்டத்து அப்பாக்களில் பலருக்கு இருந்ததில்லை. அவர்கள் பாசத்தை அவர்கள் செய்துவைத்த பொருள்களில்தான் தேட வேண்டும். 'பாசத்தின் உறைவிடமே' என்ற வரி எல்லா அப்பாக்களுக்கும் பொருந்திவிடுகிறது. துக்க வீட்டுக்கு அளவு நாடா எடுத்துப் போகாதவர் என்ற வரி அவருக்கு மட்டுமே பொருந்தும். அதைப் படித்தபோது நான் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். இறந்தவரின் உயரத்தைக் கண்ணாலேயே அளந்து, அழுகிறவர்கள் முன்னால் நாடாவை விரிக்காமல் திரும்பி வந்து, விளக்கு வெளிச்சத்தில் பலகை அறுத்திருக்கிறார். அந்த இரவுகளில் ரம்பச் சத்தம் உங்கள் வீட்டுக்குள் கேட்டிருக்குமே. அம்மா விழித்திருந்தாரா? மறுநாள் காலைப் பிரட்டுக்கு, அந்த ஆள் கணக்கெடுப்புக்கு, அப்பா வழக்கம்போல் போனாரா?

சுங்கை சிப்புட் என்றால் வரலாற்று நூல்கள் இரண்டு செய்திகளைத் தவறாமல் சொல்கின்றன. 1948 ஜூன் 16 அன்று அந்த வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக்கொல்லப்பட்டதும், அதையொட்டி அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டதும் ஒன்று. மலேசிய இந்தியர் காங்கிரஸின் தலைவராக இருந்த துன் வீ.தி.சம்பந்தன் பிறந்த ஊர் என்பது மற்றொன்று. தோட்டத்தைப் பற்றி எழுதும்போதும் பால்வெட்டுக்காரரும் கங்காணியும் கிராணி என்ற எழுத்தரும் துரை என்ற நிர்வாகியும் வருகிறார்கள். தச்சர், கொத்தனார், ஸ்டோரில் (ஆலையில்) எஞ்சின் பார்த்தவர் ஆகியோர் வருவது அபூர்வம். அவர்கள் கை படாமல் ஒரு தோட்டம் ஒரு மாதம்கூட ஓடியிருக்காது. இந்தக் குறை எனக்கு நெடுநாளாக மனத்தில் உறுத்துகிறது. உங்களைப் போன்ற பிள்ளைகள் எழுதினால்தான் அது தீரும்.

இன்னொன்றையும் விசாரியுங்கள். சுற்றிலும் ஆயிரக்கணக்கில் பால்மரங்கள், அதாவது ரப்பர் மரங்கள், நிற்க, தோட்டத்துத் தச்சர் மெராந்தியையும் செங்கல் (chengal) என்ற காட்டு மரத்தையும் தேடிப் போனார். பால்மரத்தில் மாவுச்சத்து அதிகம். வெட்டிய சில நாட்களில் நீலம் பாய்ந்துவிடும், வண்டு துளைத்துவிடும். இருபத்தைந்து முப்பது ஆண்டுகள் பால் தந்த மரத்தை வெட்டினால் அது பெரும்பாலும் விறகுக்கும் ரப்பர் தகடு உலர்த்தும் புகைக்கூடத்துக்கும்தான் போனது. போரான் மருந்தேற்றிச் சூளையில் உலர்த்தும் முறை பரவி, 1980களில் அதே மரம் ஏற்றுமதி மேசை நாற்காலியாக மாறியது. இந்த மாற்றத்தை உங்கள் அப்பா தம் தொழில் வாழ்நாளிலேயே பார்த்திருப்பார். அதைப் பற்றி நிச்சயம் ஏதாவது சொல்லியிருப்பார். உங்களிடம் சொல்லாவிட்டாலும் அவரிடம் வேலை கற்றவர்களிடம் சொல்லியிருப்பார். அவர்கள் இருக்கும்போதே போய்க் கேளுங்கள்.

வீட்டைக் காலி செய்ததை ஒரே வாக்கியத்தில் கடந்துவிட்டீர்கள். எனக்கு அங்கே மனம் நின்றுவிட்டது. லயத்து வீடு வேலையோடு ஒட்டியது. வேலை போனால் வீடும் போகும். ஒரு தோட்டம் முழுவதற்கும் கதவு செய்தவர், தாம் மாட்டிய கதவைத் தாமே சாத்திவிட்டுச் சாவியை ஒப்படைத்திருக்கிறார். பெரிய தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், 1960இல், சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் பத்து வெள்ளி (அன்றைய மலாயா டாலர்) கட்டித் தொழிலாளர்கள் பங்குதாரர்களானார்கள். மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது. உங்கள் அப்பா அதில் சேர்ந்திருந்தாரா? பட்டணத்து வீட்டுக்கு முன்பணம் எங்கிருந்து வந்தது? பழைய பத்திரங்களைப் புரட்டிப் பாருங்கள். கணக்குப் புத்தகத்தின் ஒரு பக்கம் அவர் குடும்பத்தை எப்படி நடத்தினார் என்பதைப் பாராட்டுரையைவிடத் தெளிவாகச் சொல்லும்.

அம்மாவை மறந்துவிடாதீர்கள். உங்கள் கடிதத்தில் அவர் ஓரிடத்தில்கூட வரவில்லை. அப்பா கோபப்பட்டதுண்டு என்றால் அதையும் எழுதலாம், அவர் மதிப்பு குறைந்துவிடாது.

நாளிதழ் விளம்பரத்துக்கு நான்கு வரி போதும். அதில் 'தோட்டத்துத் தச்சர்' என்று அவர் தொழிலைப் பெயருக்கு அடுத்தே போடச் சொல்லி அண்ணனிடம் கேளுங்கள். பிள்ளைகளின் பட்டங்கள் அதற்குக் கீழே வரட்டும். விரிவான கட்டுரையைத் திதி முடிந்த பிறகு நிதானமாக எழுதுங்கள். அதற்கு முன் உளி, இழைப்புளி, கொட்டாப்புளி எதையும் யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம். ஒவ்வொன்றையும் படம் எடுத்து, எதற்குப் பயன்பட்டது என்று பக்கத்தில் குறித்து வையுங்கள். கட்டுரையை எனக்கு அனுப்புங்கள். எவ்வளவு நீளமாக இருந்தாலும் இந்தத் தளத்தில் வெளியிடுகிறேன்.

அன்புடன்.