மாயவரத்தில் மாயமும் இல்லை, வரமும் இல்லை

கேள்வி: எங்கள் ஊர்க் கோயில் கும்பாபிஷேக மலரில் ஊர்ப்பெயர் விளக்கம் எழுதும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. மாயவரம் என்றால் மாயமாக வரம் கிடைக்கும் ஊர், கும்பகோணம் என்றால் கும்பம் கோணலாகச் சாய்ந்த இடம் என்று வாட்ஸ்அப்பில் படித்தேன். எங்கள் ஊர்ப்பெயரையும் அப்படியே பிரித்துப் பொருள் எழுதினால் போதாதா? கல்வெட்டு, ஆதாரம் என்று அலைய வேண்டுமா?

பதில்: அலையத்தான் வேண்டும். மலர் அச்சேறிவிட்டால், நாளைக்கு அதையே ஆதாரமாகக் காட்ட ஆள் வரும்.

நீங்கள் படித்தவை இரண்டும் தப்பு. தேவாரத்தில் மாயவரத்தின் பெயர் மயிலாடுதுறை. மயிலை வடமொழியில் மயூரமாக்கி ஊரை மாயூரம் என்றார்கள். பேச்சுவழக்கில் அது மாயவரமானது. 1982இல் அரசு பழைய பெயரையே திரும்ப வைத்தது. கும்பகோணத்துக்குத் தேவாரம் சொல்லும் பெயர் குடமூக்கு. குடம் கும்பமாயிற்று. மூக்குக்கு வடமொழியில் கோணா என்றொரு சொல் உண்டு. அதுதான் கோணமாக நிற்கிறது. கோணலுக்கு அங்கே வேலையே இல்லை.

இன்றைய வடிவத்தைப் பிரித்தால் எங்கே போய் நிற்போம் என்பதற்கு வீராணம் ஏரியைப் பாருங்கள். வீரம், ஆணம் என்று பிரித்து எவ்வளவு யோசித்தாலும் ஒன்றும் கிடைக்காது. முதலாம் பராந்தக சோழனுக்கு வீரநாராயணன் என்ற பட்டம் உண்டு. அவன் பெயரால் அது வீரநாராயண ஏரி. பக்கத்துக் காட்டுமன்னார்கோயில் அன்றைக்கு வீரநாராயணச் சதுர்வேதிமங்கலம்; அங்குள்ள பெருமாளுக்கு இன்றும் வீரநாராயணப் பெருமாள் என்றுதான் பெயர். ஏரியின் பெயர் மட்டும் வாயில் தேய்ந்து வீராணமாகிவிட்டது. சாமி பெயர் ஊர்ப்பெயரைக் காப்பாற்றி வைத்திருப்பது நம் பக்கம் நிறைய உண்டு. உங்கள் ஊர்ச் சாமியின் முழுப் பெயரை முதலில் கேட்டு எழுதுங்கள்.

அடுத்து வருவாய்த்துறையின் அ-பதிவேட்டில், அதாவது ஊர் நிலங்களின் விவரம் அடங்கிய பதிவேட்டில், ஊர்ப்பெயர் எப்படி எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பழைய பத்திரங்களில் வேறு எழுத்து இருக்கும். அதையும் வருடத்தோடு குறித்துக்கொள்ளுங்கள்.

முக்கியமான வேலை கோயில் சுவரில் இருக்கிறது. தொல்லியல் துறையின் கல்வெட்டுத் தொகுதிகளில் உங்கள் கோயில் பதிப்பாகியிருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். சோழர் கல்வெட்டில் மெய்க்கீர்த்தி, அதாவது அரசனின் புகழ் பாடும் முன்னுரை, இருந்தால் அது முடிந்து 'யாண்டு' (ஆட்சியாண்டு) இத்தனையாவது என்று வரும். பிறகு வளநாடு என்ற பெரிய நிலப்பிரிவு, அதற்குள் நாடு அல்லது கூற்றம் என்ற சிறிய பிரிவு, அதற்கும் பிறகு ஊர். முதலாம் ராஜராஜனுக்கு முந்தியதென்றால் வளநாடு இராது, நாட்டிலேயே தொடங்கும். ஊர்ப்பெயருக்குப் பின்னால் 'ஆன' என்று வந்தால் விடாதீர்கள்: ஒரே ஊருக்கு இரண்டு பெயர் கிடைக்கிறது. பெரும்பாலும் முதலில் இருப்பது மக்கள் வைத்த பெயர், அடுத்தது அரசன் பெயரால் வந்தது.

கல்வெட்டை நீங்களே படிக்கப் போகாதீர்கள். மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி வைத்திருக்க மாட்டார்கள். குறில் ஒகரமும் நெடில் ஓகாரமும் ஒரே மாதிரி இருக்கும், எகர ஏகாரமும் அப்படியே. கொட்டூரா கோட்டூரா என்பது எழுத்தில் தெரியாது. தேவாரம், பக்கத்து ஊர்க் கல்வெட்டு இவற்றோடு ஒப்பிட்டுத்தான் முடிவு செய்ய முடியும். கல்வெட்டு படிக்கத் தெரிந்தவரை ஒருநாள் அழைத்துவந்து காட்டுங்கள். திருப்பணி நடக்கும் நேரம் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். மணலைப் பீய்ச்சியடித்துச் சுவரைச் சுத்தம் செய்யும் மணல் வீச்சு வேண்டவே வேண்டாம், எழுத்தின் மேல் பெயின்டும் அடிக்க விடாதீர்கள். ஆயிரம் வருடம் நின்ற வரி அரை மணி நேரத்தில் போய்விடும்; அதில் உங்கள் ஊர்ப்பெயரே இருந்திருக்கலாம்.

தல புராணத்தைத் தாராளமாகப் போடுங்கள், 'தல புராணம்' என்ற தலைப்பிலேயே. ஊர்ப்பெயருக்குத் தனிப் பகுதி வையுங்கள். கிடைத்த பழைய வடிவங்களை, எந்தச் சுவர், எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு என்ற விவரத்தோடு வரிசையாகத் தாருங்கள். பழைய வடிவம் எதுவுமே அகப்படவில்லையா? பதிவேட்டில் உள்ளதை வருடத்தோடு அச்சிட்டுவிட்டு, பொருள் எழுதாமல் விடுங்கள்.